முதலில் காடு, பிறகு தேயிலை: வால்பாறையில் மூன்று நாள்

வால்பாறைக்கு முதல்முறை போனபோது எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சனிக்கிழமை விடியற்காலையில் பொள்ளாச்சியைத் தாண்டி, வளைவுகளை எண்ணிக்கொண்டே மேலே ஏறி, முதல் தேயிலைச் சரிவைக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுக்க ஆரம்பித்தேன். திரும்பி வரும்போது செல்பேசியில் இருநூறு படங்கள். எல்லாம் பச்சை. "எவ்வளவு காடு பார்த்தாயா!" என்று வீட்டில் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். அதில் ஒன்றுகூடக் காடு இல்லை என்பது அடுத்த தடவை காடர் பழங்குடி அண்ணன் ஒருவர் பின்னால் நடந்தபோதுதான் புரிந்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையை மாற்றியிருக்கிறேன். சுற்றுலா வண்டிகள் தேயிலையைக் காட்டிவிட்டு, நேரம் மிஞ்சினால் காட்டு ஓரத்தில் நிறுத்துவார்கள். நீங்கள் காட்டுக்குள் ஒரு நாள் நடந்துவிட்டு, மறுநாள் தோட்டத்துக்குப் போங்கள். அந்தச் சரிவில் முன்பு என்ன நின்றிருந்தது என்று அப்போது கண்ணுக்குத் தெரியும். இதற்கு மூன்று நாள் வேண்டும். இரண்டு நாளில் முடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முடிக்கலாம், ஆனால் பாதி நேரம் மலைப்பாதையிலேயே போய்விடும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை நல்ல காலம். பெருமழை ஓய்ந்து, ஓடைகளில் தண்ணீர் இருக்கும், பார்வை தெளிவாக இருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறை வட்டாரத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அந்த மழை பார்க்கத் தகுந்ததுதான், ஆனால் நடக்கத் தகுந்ததில்லை. பாதை வழுக்கும், மரம் விழும், அட்டைகளுக்குத் திருவிழா. பிப்ரவரிக்குப் பின் புல் காய்ந்ததும் தீ அபாயக் காலம் தொடங்கும். மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள். மே மாதம் கோடை விடுமுறைக் கூட்டம். மூன்று நாளும் வார நாட்களாக அமைந்தால் பாதி எரிச்சல் குறையும். இன்னொன்று: திங்கட்கிழமையைத் தேயிலைக்கு ஒதுக்காதீர்கள். காரணத்தைத் தொழிற்சாலைக்குப் போகும்போது சொல்கிறேன்.

படி 2: அனுமதி இல்லாமல் ஓர் அடியும் வைக்காதீர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களைச் சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அவர்கள் இறங்கி வந்தது எங்கிருந்து தெரியுமா? கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து. மேலே தேயிலை, கீழே காய்ந்த புல். தேயிலையையும் காட்டையும் ஒரே நடையில் பார்க்கும் ஆசைதான் அவர்களுக்கும். முறையான அனுமதி இல்லாத பாதை அது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன.

இப்போது ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். அவர்களில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி மக்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். கட்டணம் பாதைக்குப் பாதை மாறும். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

ஆனைமலைப் பகுதியில் உங்களுக்கு இரண்டு நல்ல தேர்வுகள். ஒன்று மானாம்பள்ளி. வால்பாறைப் பக்கத்துப் பசுமைமாறாக் காடு. ஈரம், நிழல், உயர்ந்த மரங்கள். இன்னொன்று டாப்சிலிப்–பண்டாரவரை. டாப்சிலிப் தேக்கும் மூங்கிலும் அதிகமுள்ள இலையுதிர் காட்டுப் பகுதி; காட்டுமாடும் மானும் கண்ணில் படும் வாய்ப்பு அங்கே அதிகம். ஒன்றை நினைவில் வையுங்கள்: வரைபடத்தில் டாப்சிலிப்பும் வால்பாறையும் அக்கம்பக்கமாகத் தெரியும். ஆனால் நேர்ச் சாலை கிடையாது. டாப்சிலிப்புக்குப் பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாகத் தனியாக ஏற வேண்டும். மூன்று நாள் திட்டத்துக்கு மானாம்பள்ளிதான் தோது. தேயிலைக்கும் அடுத்த வீடு.

புல்மலை என்று அக்காமலைப் பக்கம் ஒரு புல்வெளிச் சோலைக்காடு இருக்கிறது. "அங்கே கூட்டிட்டுப் போறேன் சார்" என்று யாராவது ஜீப்காரர் காதோடு காதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சுற்றுலாவுக்குத் திறந்த இடமில்லை. மாட்டினால் அபராதம் உங்களுக்கு.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதமே வந்த அதே முறைதான். வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு சிக்னல் தேடாதீர்கள்.

படி 3: பை

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பழகிய காலணி, புதுசு வேண்டாம், கொப்புளம் நிச்சயம். முழங்கால்வரை ஏறும் அட்டை உறை, அதாவது நெருக்கமாக நெய்த துணிக் காலுறை. முழுக்கை, முழுக்கால் உடை. பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை. மழைக்கோட்டு. இரண்டு லிட்டர் தண்ணீர், எஃகு பாட்டிலில். மலைப்பாதைச் சோதனைச்சாவடியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களை வாங்கி வைத்துவிடுவார்கள். மாற்றுக் காலுறை. ஒரு பொட்டலம் உப்பு. உங்கள் வழக்கமான மருந்துகள்.

சென்ட் அடித்துக்கொள்ளாதீர்கள். என்னோடு வந்த நண்பர் ஒருவர் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி மணந்துகொண்டு வந்தார். வழிகாட்டி அவரைப் பார்த்து, "யானைக்கு நம்ம வர்றதைச் சொல்லி அனுப்பிட்டீங்க போலிருக்கே" என்றார். ஓடையில் கழுத்தைக் கழுவச் சொல்லிவிட்டுத்தான் நடக்கவே விட்டார்.

படி 4: நாள் ஒன்று — ஏறுவது

கோவை உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்குப் பேருந்து ஓயாமல் இருக்கும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை தொடங்கும். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். தலைசுற்றும் ஆட்கள் பேருந்தின் முன்பக்கம் உட்காருங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸ் கவலையும் இல்லை, ஓட்டுநர் அந்த வளைவுகளில் பெரிய வண்டியைத் திருப்பும் அழகை இலவசமாகப் பார்க்கவும் செய்யலாம்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. ஆழியாறு நீர்த்தேக்கம் கீழே தட்டில் வைத்த தண்ணீர் மாதிரித் தெரியும். எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் முதுகுப்பக்கம் பாறையைப் பாருங்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை நான் முதலில் கண்டது அப்படித்தான். தீனி மட்டும் போடாதீர்கள். குரங்குகளுக்கும்தான்.

வால்பாறை ஊர் சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே மாலையில் போய்ச் சேர்ந்து, சூடாகச் சாப்பிட்டு, சீக்கிரம் படுத்துவிடுங்கள். முதல் நாளில் வேறு எதையும் திணிக்க வேண்டாம். நேரம் இருந்தால் புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் போகும்போது மரங்களை அண்ணாந்து பாருங்கள். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால்: சிங்கவால் குரங்கு. உலகத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்வது. புதுத்தோட்டத்தில் அது சாலையைக் கடப்பதும், வீட்டுக் கூரையில் ஏறுவதும் அன்றாடக் காட்சி. ஒரு மழைக்காட்டுக் குரங்கு எதற்காகத் தார்ச்சாலைக்கு இறங்கியது என்ற கேள்வியை மனசில் முடிந்து வையுங்கள், நாளைக்கு அவிழ்ப்போம்.

படி 5: நாள் இரண்டு — காடு

சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்பே போய்ச் சேருங்கள். அடையாள அட்டையைக் காட்டி, கையெழுத்துப் போட்டதும் வழிகாட்டி சில விதிகளைச் சொல்வார். கேட்பது போல் தலையாட்டாமல், கேளுங்கள். வரிசையாக நடக்க வேண்டும். அவரைத் தாண்டிப் போகக்கூடாது. கடைசியில் ஒருவர் இருப்பார், அவருக்குப் பின்னாலும் தங்கக்கூடாது. கையை உயர்த்தினால் நிற்க வேண்டும்; ஏன் என்று கேட்கக்கூடாது, பிறகு அவரே சொல்வார். பாட்டு இல்லை, செல்பேசி ஒலி இல்லை, சிகரெட் அறவே இல்லை.

ஆனைமலையில் ஆறு பழங்குடிச் சமூகங்கள் உண்டு: காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர். காடர்கள் இந்த ஈரக்காட்டின் மக்கள். டாப்சிலிப் பக்கம் கோழிகமுத்தி யானை முகாமில் மாவுத்தர்களாக இருப்பவர்களில் மலசர்கள் அதிகம். யார் உங்களோடு வந்தாலும், உங்களுடைய பறவைப் புத்தகத்தைவிட அவருக்குத் தெரிந்தது கூடுதல். "அண்ணா, இது என்னங்க?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆனால் நடக்கும்போது கேட்காதீர்கள். நிற்கும்போது கேளுங்கள்.

முதல் பத்து நிமிடத்தில் உங்களுக்கு எதுவும் தெரியாது. வெளிச்சத்திலிருந்து உள்ளே வந்ததால் கண் பழகியிருக்காது. எல்லாம் ஒரே இருட்டுப் பச்சை. அவசரப்படாதீர்கள். மெதுவாக அடுக்குகள் பிரியும். காலடியில் மக்கிய இலை, இடுப்பளவில் செடிகளும் பிரம்பும், அதற்கு மேல் நடுத்தர மரங்கள், உச்சியில் வானத்தை மூடிய கவிகை. வேர் பலகை பலகையாகப் புடைத்து நிற்கும் பெரிய மரங்களின் அடியில் ஆள் ஒளிந்துகொள்ளலாம். தரையில் முள் முள்ளாக, சின்னப் பலாக்காய் போல் ஒன்று வெடித்துக் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அது வெடிப்பலா. சிங்கவால் குரங்கின் முக்கியமான உணவுகளில் ஒன்று. காடு துண்டு துண்டாகிப்போன இடங்களில் அந்த மரமும் குறைந்துவிட்டது. ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குக் கிளை வழியே போக முடியாத குரங்கு என்ன செய்யும்? தரைக்கு இறங்கும். நேற்றைய முடிச்சு அவிழ்ந்துவிட்டதா?

இனி, என்னவெல்லாம் பார்ப்பீர்கள் என்று பட்டியல் போட மாட்டேன். புலியைப் பார்க்க மாட்டீர்கள். ஆனைமலை புலிகள் காப்பகம்தான், புலி இருக்கிறது, அது உங்களைப் பார்த்திருக்கும், அவ்வளவுதான். நடைப் பயணத்தில் விலங்கைவிட அதன் கையெழுத்தைப் படிப்பதுதான் சுவாரசியம். மரப்பட்டையில் தலைக்கு மேல் உயரத்தில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தால், குளித்துவிட்டு வந்த யானை முதுகைச் சொறிந்துகொண்ட இடம். ஈரமண்ணில் யானையின் முன்னங்கால் தடம் முழுசாகக் கிடைத்தால் கயிறு வைத்து அதன் சுற்றளவை அளந்து இரண்டால் பெருக்குங்கள். ஏறக்குறைய அதன் தோள் உயரம் வந்துவிடும். எங்களுக்கு நாலரை அடிச் சுற்றளவில் ஒன்று கிடைத்தது. ஒன்பதடி. கணக்குப் போட்டு முடித்ததும் எல்லோரும் கொஞ்சம் நெருக்கமாக நின்றுகொண்டோம்.

சாணத்தையும் பார்க்கச் சொல்வார்கள். அதன் ஈரமும், மேலே மொய்க்கும் பூச்சிகளும், நடுவில் இருக்கும் சூடும் யானை எவ்வளவு நேரத்துக்கு முன் போனது என்று சொல்லிவிடும். அது புதிதாக இருந்தால் வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு பிடி உலர்ந்த மண்ணைக் கையில் எடுத்து மெல்ல உதிர்ப்பார். தூசி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் காற்று. யானைக்குக் கண்பார்வை சுமார்தான்; மூக்குதான் எல்லாம். காற்று நம் பக்கமிருந்து அதன் பக்கம் அடித்தால், அன்றைக்குப் பாதை மாறும் அல்லது நடையே பாதியில் முடியும். "காசு கட்டியிருக்கோமே" என்று யாரும் வாயைத் திறக்க வேண்டாம். அவர் திரும்பச் சொன்னால் திரும்புவதுதான் நீங்கள் கட்டிய காசுக்கு அவர் செய்யும் மிகப் பெரிய வேலை.

தலைக்கு மேல் பழைய ரயில் எஞ்சின் புகைவிடுவது போல் 'ஹுஷ்... ஹுஷ்...' என்று கேட்டால் உடனே நின்று கிளைகளின் இடைவெளியைப் பாருங்கள். பெரிய இருவாச்சி பறக்கிறது. அதன் சிறகுச் சத்தம் அது. ஆண்டின் தொடக்க மாதங்களில் பெட்டை இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் மட்டும் திறந்திருக்கும். அதன் வழியே ஆண் பறவை வாரக்கணக்கில் அத்தியும் மற்ற பழங்களும் கொண்டுவந்து ஊட்டும். அந்த ஆண் செத்தால் உள்ளே குடும்பமே பட்டினி. கூட்டு மரத்தைக் கண்டால் வழிகாட்டி தூரத்திலேயே நிறுத்திவிடுவார். கிட்டே போய்ப் படம் எடுக்கலாமா என்று கேட்காதீர்கள்.

கை வைக்கும் இடத்தையும் பாருங்கள். ஏற்றத்தில் பிடிமானத்துக்குக் கிளையைப் பற்றுவது இயல்பு. ஆனால் பச்சை, பழுப்பு நிறங்களில் இலையோடு இலையாகச் சுருண்டு கிடக்கும் விரியன் வகைப் பாம்புகள் இந்தக் காட்டில் உண்டு. பார்த்துவிட்டுப் பிடியுங்கள். விழுந்த மரத்தைத் தாண்டும்போது அதன்மேல் ஏறி, அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

படி 6: அட்டையும் உண்ணியும்

மழைக்குப் பின் நடந்தால் அட்டை கடிக்கும். உறை போட்டாலும் ஒன்றிரண்டு எப்படியாவது வழி கண்டுபிடித்துவிடும். கடிப்பது வலிக்காது, காலுறை நனைந்ததும்தான் தெரியும். பிய்த்து எறியாதீர்கள். நகத்தை அதன் வாயடியில் தட்டையாக வைத்து நகர்த்தினால் விட்டுவிடும். உப்பு பட்டாலும் சுருண்டு விழும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்தியிருப்பதால் காயம் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, கழுவி, அழுத்திப் பிடித்து, துணி கட்டுங்கள்.

வறண்ட மாதங்களில் அட்டை போய் உண்ணி வரும். இதைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. அறைக்குத் திரும்பியதும் குளித்து, முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் அதன் தலைப்பக்கத்தைப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

படி 7: நாள் மூன்று — தோட்டம்

காட்டிலிருந்து வெளியே வரும் கணத்தைத் தவறவிடாதீர்கள். ஓர் அடி உள்ளே: இருட்டு, ஈரம், நூறு சத்தம். அடுத்த அடியில் வானம் திறந்து, இடுப்பளவில் ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்ட பச்சைக் கம்பளம். அந்த எல்லைக்கோடு 1890-களில் தொடங்கி வெட்டி வெட்டி உண்டாக்கியது. கார்வர் மார்ஷ் போன்ற ஆங்கிலேயத் துரைமார் மலையைத் தோட்டமாக்க வந்தார்கள் என்று சொல்வார்கள். மார்ஷுக்குச் சிலையும் இருக்கிறது. மரத்தை வெட்டியதும், சரிவில் குழி தோண்டியதும், மலைக்காய்ச்சலில் செத்ததும் சமவெளியிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த சனங்கள். அவர்களுக்குச் சிலை கிடையாது.

நடுநடுவே தனித்து நிற்கும் மரங்களையும் பாருங்கள். பெரும்பாலும் சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்தது. நேற்று நீங்கள் பார்த்த மரம் ஒன்றுகூட இந்த வரிசையில் இருக்காது.

தேயிலைக் காட்டைப் 'பச்சைப் பாலைவனம்' என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. நானும் சில காலம் அப்படிச் சொல்லித் திரிந்தேன். இப்போது அதைப் பாதி உண்மை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் காடு, நடுவில் தேயிலை, தேயிலைக்குள் தீவு தீவாக மழைக்காட்டுத் துண்டுகள். யானைகள் பகலில் ஆற்றோர மரக்கூட்டங்களில் தங்கி, இருட்டியதும் தேயிலை வழியே கடக்கின்றன. காட்டுமாடு வரிசைகளுக்கு நடுவே நிற்கும். சிறுத்தை பாடிகளை ஒட்டிப் போகும். பாடி என்றால் தொழிலாளர் வரிசை வீடுகள். எந்த உயிரும் வராத பாலைவனம் என்றால் அங்கே குடியிருப்பவர்களுக்கு இத்தனை பயம் ஏன்?

தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சாலையோரச் சரிவு என்பதற்காக உள்ளே இறங்கிவிடாதீர்கள். அது ஒருவருடைய வேலையிடம், மருந்து தெளித்த செடியாகவும் இருக்கலாம். எளிய வழி, தோட்டத்துப் பங்களாக்களில் அல்லது எஸ்டேட் அனுமதியோடு நடக்கும் விடுதிகளில் தங்குவது. "தோட்டம் சுற்றிப் பார்க்கவும் ஃபேக்டரி பார்க்கவும் ஏற்பாடு உண்டா?" என்று அறை பதியும்போதே கேட்டுவிடுங்கள். வந்திறங்கிய பிறகு கேட்டால், பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

காலையிலேயே போங்கள். கொழுந்து பறிப்பதைப் பார்க்க அதுதான் நேரம். இரண்டு இலையும் ஒரு மொட்டும்: இதுதான் நல்ல பறிப்பு. அதற்குக் கீழே முற்றிய இலையும் சேர்ந்து போனால் தேநீர் கடுத்து, சுவை குன்றும். ஒரே செடிக்கு ஒன்று, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வருவார்கள். விரலால் கிள்ளுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இப்போது பெரும்பாலும் பை பொருத்திய கத்தரிதான். சில இடங்களில் இருவர் பிடிக்கும் இயந்திரமும் உண்டு. கத்தரியின் 'கிரீச், கிரீச்' சத்தம் சரிவு முழுக்க எதிரொலிக்கும்.

வேலை செய்பவர்களிடம் பேசுவதில் ஒரு நாகரிகம் இருக்கிறது. எடையைப் பொறுத்துக் கூலி கூடும் குறையும். உங்களுக்காக நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குக் கொழுந்து நட்டம். எடை போடும் நேரத்திலோ தேநீர் இடைவேளையிலோ பேசுங்கள். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். அக்கா சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பினால் அதுவும் ஒரு பதில். தமிழில் கேட்டதற்குப் பதில் வராவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் இன்று நிறைய. பழைய தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் படித்து, கோவை, திருப்பூர் என்று இறங்கிவிட்டார்கள்.

கொஞ்சம் தள்ளி, இலையே இல்லாமல் குச்சியும் கட்டையுமாக ஒரு சரிவு தெரிந்தால், செடி செத்துவிட்டதென்று நினைக்காதீர்கள். கவ்வாத்து செய்திருக்கிறார்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியைக் கட்டையாக வெட்டிவிடுவது. அப்படி வெட்டாவிட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். ஆம், அது மரம்தான். நூறு வருடமாகக் குட்டையாகவே வைத்திருக்கிறோம். கவ்வாத்து செய்த செடியின் அடித்தண்டைப் பாருங்கள், தொடை பருமன் இருக்கும்.

படி 8: தொழிற்சாலை

ஞாயிற்றுக்கிழமை பறிப்பு இருக்காது. அதனால் திங்கள் காலை அரைக்க இலை இருக்காது. இயந்திரங்கள் பெரும்பாலும் சும்மா கிடக்கும், அல்லது கழுவிக்கொண்டிருப்பார்கள். திங்களைத் தவிர்க்கச் சொன்னது இதற்குத்தான்.

உள்ளே செருப்பு, தொளதொளத்த துப்பட்டா, தொங்கும் கேமராப் பட்டை எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துகொண்டு நுழையுங்கள். முதலில் மேல்மாடி அல்லது நீளமான கூடம். கம்பி வலைத் தொட்டிகளில் பச்சை இலை பரப்பி, அடியிலிருந்து காற்று செலுத்துவார்கள். 12 முதல் 18 மணி நேரம் வாட வேண்டும். நேற்றுப் பறித்ததுதான் இன்று அரைபடும். ஒரு பிடி வாடிய இலையைக் கசக்கி மோந்து பாருங்கள், பழ வாசனை வரும்.

பிறகு சி.டி.சி. பல் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும். 1930-களில் அசாமில் பிறந்த முறை. நம் டீக்கடைகளில் கொதிப்பது அநேகமாக இந்த முறையில் வந்த தூள்தான். வெளியே வருவது பச்சைத் துகள். அடுத்த ஒரு மணி நேரத்தில் காற்றோடு கலந்து அது செப்பு நிறத்துக்கு மாறுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். புளிக்கவைப்பது என்று தொழிற்சாலையில் சொல்வார்கள். உண்மையில் ஆப்பிளை நறுக்கி வைத்தால் பழுப்பாகிறதே, அதே விஷயம். எவ்வளவு நேரம் என்பதை மூக்கை வைத்தே முடிவு செய்யும் பழைய ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நிமிடத்தைத் தவறவிட்டால் முழு லாட்டும் கெட்டது. அப்புறம் சூட்டுக்காற்று உலர்த்தி. ஈரம் 3 சதவீதத்துக்குப் பக்கமாக இறங்கும். கடைசியில் நார் பிரித்து, சலித்து, தரம் பிரிப்பது. நாலு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகும்.

பி.ஓ.பி., டஸ்ட் என்று மூட்டையில் எழுதியிருப்பது துகளின் அளவைத்தான் சொல்கிறது. டஸ்ட் என்றதும் குப்பை என்று முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்னத் துகள் சீக்கிரம் சாயம் இறக்கும். பாலும் சர்க்கரையும் போட்டுக் கெட்டியாகக் குடிக்கும் நமக்கு அதுதான் தோது. பால் இல்லாமல் குடிக்கிறவர்கள் முழு இலை கேட்டு வாங்குங்கள். கலப்புச் சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகைத் தூளைக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். உடனே சிவப்புச் சாயம் ஒழுகினால் வாங்காதீர்கள். வாங்கியதைக் காற்றுப் புகாத எஃகு டப்பாவில், மசாலா டப்பாவுக்குத் தள்ளி வையுங்கள்.

படி 9: இருட்டியபின்

தங்கும் இடத்துக்கு ஆறு மணிக்குள் திரும்பிவிடுங்கள். எஸ்டேட் சாலையோரம் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்கு எரிந்தால், யானை அருகில் இருக்கிறது என்று அர்த்தம். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு வனத்துறையோடும் ஊர்க்காரர்களோடும் சேர்ந்து உண்டாக்கிய எச்சரிக்கை ஏற்பாடு இது. குறுஞ்செய்தியும் போகும், உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் ஓடும். உங்கள் எண்ணுக்கு அது வராது. அதனால் விடுதிக்காரரிடம் கேளுங்கள்: "இன்னைக்கு ஆனை எந்தப் பக்கமுங்க?" ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். யானைகள் அரிசி வாசனைக்கு ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் உடைப்பதுண்டு. அறை வாசலில் பழத்தோலைப் போட்டு வைக்காதீர்கள்.

வண்டியில் போகும்போது எதிரில் யானை நின்றால் ஹாரன் கூடாது, மேல்விளக்கு கூடாது, இறங்கவே கூடாது. தள்ளி நிறுத்திக் காத்திருங்கள். ஒருமுறை எங்கள் பேருந்து முக்கால் மணி நேரம் நின்றது. குட்டியோடு ஏழு. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்; பின்சீட்டில் ஒரு பாட்டி, "போகட்டும் சாமி, அவங்க வழி" என்று சொல்லிக்கொண்டே வெற்றிலையை மடித்தார்.

படி 10: இறங்குவது

மதியத்துக்கு முன் கிளம்பிவிடுங்கள். பின்மதியம் மூடுபனி வளைவுகளை மறைத்துவிடும். இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் இருபதாவது வளைவுக்குள் கருகல் வாசனை வரும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதைச் சட்டம். கீழே சோதனைச்சாவடி தாண்டியதும் ஆழியாறு அணையோரக் கடைகளில் மீன் வறுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு துண்டு கேளுங்கள், எலுமிச்சை தனியாக.